புல் நடவு

“கூப்பிடாதீங்க சார். கொஞ்ச நேரம் பேசாம பாருங்க,” என்று நெடுமாறனின் கையைப் பிடித்து நிறுத்தினார் ஜாஃபர் சாதிக்.

வீட்டின் முன்புறம், புல்தரை போடுவதற்காக ஊறவைத்திருந்த சேற்றில், நெடுமாறனின் அம்மா ரெங்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நின்றாள். இடது கையில் ஒரு பிடி அருகம்புல். வலது கை அதிலிருந்து இரண்டு மூன்று துண்டுகளைப் பிரித்து, கட்டைவிரலால் சேற்றில் அழுத்திவிட்டு, அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வரிசை முடிந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். மறுபடி அடுத்த வரிசை.

காலையில் இட்லியை வாய்க்குக் கொண்டுபோகத் தெரியாமல் தோளில் தேய்த்துக்கொண்ட கை அது.

தஞ்சாவூருக்கு வெளியே, வயல்களை மனையாக்கி விற்ற இடத்தில் கட்டிய வீடு. மின்வாரியப் பொறியாளர் நெடுமாறனுக்கு வாசலில் புல்தரை வேண்டும் என்று வெகுநாள் ஆசை. முதலில் கம்பளம் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து விரித்த கொரியன் புல், ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் அழுகிவிட்டது. தப்பிப் பிழைத்தது, சித்திரையில் களிமண் பாளம்பாளமாக வெடித்தபோது கருகிப்போனது. நர்சரி வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக் வந்து பார்த்துவிட்டு, இந்த மண்ணில் இதெல்லாம் நிற்காது, மணல் கலந்து, தண்ணி வடிய வாட்டம் விட்டு, இங்கேயே பிறந்து வளர்ந்த அருகைத் துண்டு துண்டாக நடலாம், தானே ஓடிப் படர்ந்து சேர்ந்துகொள்ளும் என்றார். மண்ணைச் சமப்படுத்தித் தண்ணீர் விட்டாகிவிட்டது. ஈரச்சாக்கில் புல்லும் வந்து இறங்கிவிட்டது. நடுகிற ஆட்கள் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

நாளைக்கு இன்னொரு வண்டியும் வருகிறது. திருச்சியில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியிலிருந்து, அம்மாவை அழைத்துப்போக.

பெற்ற மகனைப் பார்த்து, “நீங்க யாருங்க?” என்று அம்மா கேட்க ஆரம்பித்துப் பலகாலம் ஆகிவிட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொழுது சாயத் தொடங்கினால் போதும், கேட்டை நோக்கி நடந்துவிடுகிறாள். பூட்டியிருந்தால் கம்பியைப் பிடித்து ஆட்டி அழுகிறாள். போன வாரம் அவன் மனைவி கயல்விழி துணி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில் வெளியேறி, பைபாஸில் மணல் லாரிகளுக்கு நடுவே நின்றிருக்கிறாள். ஆட்டோக்கார ஜெக்கரியாதான் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். எங்கே போறே என்று எத்தனை தடவை கேட்டும் பதில் இல்லை. இந்த வியாதியில் அப்படித்தான், காரணம் தேடாதீர்கள் என்றார் டாக்டர்.

இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்று இன்று காலையிலும் கயல்விழி மெதுவாகக் கேட்டாள்.

“பெத்த புள்ளையையே தெரியல கயல். இனிமே எங்க இருந்தா என்ன அவங்களுக்கு?” என்று சொல்லிவிட்டுத்தான் நெடுமாறன் அலுவலகம் போனான்.

இப்போது கயல்விழி வாசற்படியில் நின்று, அலுவலகத்திலிருந்து திரும்பிய அவனிடம் நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னாள். அத்தை தானாகவே சாக்கை அவிழ்த்தார்களாம். புல்லை உதறி, நாற்று முடி மாதிரி சின்னச் சின்னதாகக் கட்டி, சேறு முழுக்க இடம் பார்த்து வீசினார்களாம். பிறகு இறங்கிவிட்டார்களாம். தடுக்கத் தோன்றவே இல்லை என்றாள்.

ஜாஃபர் சாதிக் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகக் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசைகளைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். குறுக்காகப் பார்த்தார். எழுந்துபோய் மூலையிலிருந்து கோணலாகவும் பார்த்தார்.

“நம்ம பசங்க கயிறு கட்டி நட்டாலும் எங்கயாச்சும் கோணும் சார். இது எந்தப் பக்கம் பாத்தாலும் கோடு போட்ட மாதிரி போவுது. எங்க கத்துக்கிட்டாங்க?”

மன்னார்குடிப் பக்கம் ஒரு பண்ணையில் நாற்று நடுகிற ஆளாக இருந்தாள் என்றான் நெடுமாறன். அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா நட்டுத்தான் அவன் படித்தான். ஆனால் அவள் நட்டு அவன் பார்த்ததில்லை. வயல் பக்கம் வந்தால் காலை ஒடிப்பேன் என்று பள்ளிக்கூடத்துக்கு விரட்டிவிடுவாள். ஐம்பது வயதுக்குமேல் இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

விரலில் ஏதோ தட்டுப்பட, ஒரு கோரைக் கிழங்கைத் தோண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவருக்கு அப்பால் எறிந்தாள் அம்மா. கை நிற்கவில்லை. கால் தடுமாறவில்லை. கழிவறைக்குப் போக வழி தெரியாதவள், மிச்சமிருக்கும் இடத்துக்கும் கையிலிருக்கும் புல்லுக்கும் கணக்குப் பார்த்து வரப்போரம் கொண்டுவந்து முடிக்கிறாள். நெடுமாறனுக்கு மூச்சு விடுவதே சத்தமாகத் தோன்றியது.

கடைசிப் பிடியும் தீர்ந்தது. அம்மா இடுப்பில் கைகொடுத்து நிமிர்ந்தாள். குழாயடியில் கைகால் கழுவி, புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு, நேராக அவனிடம் வந்தாள். கண்கள் தெளிவாக இருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறாள் என்று அவன் ஓரடி முன்னால் வந்தான்.

அம்மா நாலடி தள்ளியே நின்று, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நடவு முடிஞ்சுதுங்கய்யா. இன்னிக்காவது கதவத் தொறந்துவிடச் சொல்லுங்க. பள்ளிக்கூடம் விட்டு எம்புள்ள நெடுமாறன் வந்து காத்துக்கிட்டு நிப்பான், பசி தாங்கமாட்டான்.”