தோளில் ஒரு கை

நான்கு நாள் காய்ச்சலுக்குப் பிறகு நல்லசிவம் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, அவருக்கு இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சொல்லாமல் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத மனிதர் வரவில்லையென்றால் வேறென்ன ஆகியிருக்கும்? வீடு எங்கே என்று எவருக்கும் தெரியாததால் யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. அவர் தயங்கி உள்ளே நுழைந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், படம் மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தள்ளி நின்று, மாலை போட்ட தன் படத்தைப் பார்த்தார். ஆபீஸ் சுற்றுலாவில் எல்லோரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். இடது தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் வெட்டுப்படாமல் மிச்சமிருந்தது. அதன் விரலில் நெளிமோதிரம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் தன்னை ஒருவர் தொட்டிருக்கிறார். அது தனக்குத் தெரியாமலே போயிருக்கிறது.

தபால் பிரிவு வசந்தகோகிலம் பேச எழுந்தாள். "வாயத் தொறந்து ஒண்ணும் பேச மாட்டாரு. ஆனா நான் வர்றதுக்கு முன்னாடியே என் சீட்டுக்கு ஃபேனைப் போட்டு வச்சிருப்பாரு." அதற்குமேல் முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரலில் நெளிமோதிரம் மினுங்கியது.

"எல்லாரும் ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நில்லுங்க" என்றார் மேனேஜர்.

எல்லோரும் கண்களை மூடினார்கள். நல்லசிவம் ஓசைப்படாமல் நடந்து, வசந்தகோகிலத்துக்கு முன்னால் போய், முதுகைக் காட்டியபடி இடது தோளைச் சற்றே தாழ்த்தி நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது.