லெவினியாவின் பூட்ஸ்

அந்த ஊர் மூடுபனி இடுப்புக்கு மேல் ஏறாது. அவ்வளவு மரியாதை தெரிந்த பனி. அங்கே துப்பறிந்து பிழைத்த பெர்ட்ராம் துரை யார் முகத்தையும் பார்க்க மாட்டார், பூட்ஸைத்தான் பார்ப்பார். முகம் பொய் சொல்லுமாம். முத்துமாலைத் திருடி லெவினியாவை இந்த முறையும் தவறவிட்டால் தொழிலுக்கே முழுக்கு என்று சபதம் போட்டிருந்தார். அன்று மாலை அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"விலங்கு மாட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், நான் எங்கெல்லாம் போய் வந்தேன், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று பூட்ஸைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

குதிகாலில் கடலுப்பு. தையலில் யானை முடி. ஓட்டைக்குள் ஒரு பாலைவனம். படிக்கப் படிக்க அறைக்குள் கப்பல்கள் நகர்ந்தன, துரையும் ஏறிக்கொண்டார். இறங்கியபோது எதிர் நாற்காலி காலி.

தெருவுக்கு ஓடினார். "வெறுங்காலோடு ஒருத்தி போறா, பிடியப்பா!"

"கால் எங்கே துரை தெரியுது? முகம் எப்படின்னு சொல்லுங்க" என்றான் போலீஸ்காரன்.

துரை வாயைத் திறந்தார். யானை வந்தது, முகம் வரவில்லை.

பனியில் பெண்கள் காலில்லாமல் மிதந்து போனார்கள். ஒருத்தி திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல முகவெட்டு. யாரோ தெரிந்த பெண்மணி போலிருக்கிறது என்று துரையும் மரியாதையாகத் தொப்பியைத் தூக்கினார்.