மாப்பிள்ளை கொண்டுவந்த திருடன்

விக் கடைகளுக்கு மென்பொருள் செய்து தரும் அந்த அலுவலகத்தில், எல்லாரும் 'அண்ணன்' என்று கூப்பிடும் மூத்த புரோகிராமருக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம், முதலாளி வீட்டுப் புது மாப்பிள்ளை. வீட்டில் சும்மா இருந்தால் மரியாதை குறையும் என்று அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தவர்.

"மாமா, நம்ம சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்கான்னு இனிமே மனுஷன் தேட வேண்டாம். ஒரு கருவி இருக்கு. திருடன் மாதிரியே தானா நுழைஞ்சு பார்த்துச் சொல்லிடும். அதைச் செஞ்ச கம்பெனிக்காரங்களே அவங்க இடத்துலேருந்து ஓட்டுவாங்க. திங்கட்கிழமை இலவசமா ஓட்டிக் காட்டுறாங்க."

"அப்போ நம்ம அண்ணனுக்கு என்ன வேலை?"

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பிலேயே பதில் இருந்தது. அண்ணனுக்கு அங்கே உத்தியோகமே ஓட்டை தேடுவதுதான்.

விடுவாரா மனிதர்? திங்கட்கிழமை, எல்லாரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கடைக்காரர்கள் பயன்படுத்தும் நிஜத் தளத்திலேயே சத்தமில்லாமல் ஒரு ஓட்டையைப் போட்டு வைத்தார். லேசில் யார் கண்ணிலும் படாத ஓட்டை. கருவி கோட்டை விட்டால், மறுநாள் எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையின் மூக்கை உடைக்கலாம். ஒரே ஒரு நாள் கதவு திறந்து கிடந்தால் குடியா முழுகிவிடப் போகிறது?

செவ்வாய்க்கிழமை காலை, முதலாளியின் திரையில் ஒரு செய்தி நின்றது.

'விக் வாங்கிய அத்தனை வழுக்கையும் பெயர், விலாசம், போட்டோவோடு என் கையில். விலையைப் பிறகு பேசலாம்.'

அலுவலகமே கை தட்டியது.

"பார்த்தீங்களா மாமா! நிஜத் திருடன் தோத்தான். பேச்சுல என்ன திமிரு!"

"என் போட்டோவுமா இருக்கு?" முதலாளி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவசர அவசரமாக ஓட்டையை அடைத்துவிட்டு வந்த அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. "ஒத்துக்கறேன் மாப்பிள்ளை சார். உங்க திருடன் கெட்டிக்காரன்தான்."

"அந்தக் கம்பெனிக்கு ஒரு நன்றி சொல்லிடுவோம்" என்று முதலாளி போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. கருவிக் கம்பெனிப் பெண்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து பூரா எங்க சர்வர் படுத்துடுச்சு, உங்க பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியலை. இன்னைக்கு ஆரம்பிக்கட்டுமா?"