உதட்டோரத்தில் ஒரு பச்சை

“மேடம், வாய் சரியா வரலை.”

ஓதீல் தூரிகையை நிறுத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அருங்காட்சியகக் காவலர் அன்செல்ம்தான். மூன்று மாதமாக இதே பாட்டு.

“நேத்து மூக்குன்னீங்க. முந்தாநாள் காது. இவளுக்குக் காதே தெரியலை, சார். தொப்பி மறைக்குது.”

“அதைத்தான் சொன்னேன். நீங்க காது வரைஞ்சிருந்தீங்க.”

சுவரில் இருந்த நீல உடைக்காரி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாரிஸின் பழைய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ஒருவர் வரைந்தது. கிட்டே போனால் வெறும் வண்ணத் தீற்றல். நான்கடி தள்ளி நின்றால் முகம். அதைப் பார்த்து வரைந்துதான் ஐம்பத்தெட்டு வயதில் ஓதீல் எண்ணெய் ஓவியம் கற்றுக்கொள்கிறாள். இங்கே நகல் வரைய அருங்காட்சியகம் தந்த மூன்று மாத அனுமதி இன்று ஆறு மணியோடு முடிகிறது. அதற்குள் வாய் வராவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

“மணி அஞ்சாகுது. குறை சொல்றதை விட்டுட்டு வழி சொல்லுங்க.”

“நான் காவல்காரன், மேடம். ஓவியன் இல்லை.”

“இருபத்தேழு வருஷமா இவளையே பார்த்துட்டு நிக்கறீங்க. வேற எந்தப் பொம்பளை மூஞ்சியையும் இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டீங்க!”

குத்தல் சரியான இடத்தில் பட்டது. அன்செல்ம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கும் இன்றுதான் கடைசி நாள். நாளை முதல் ஓய்வு. காலையிலிருந்து இந்த அறையை விட்டு நகரவே இல்லை. ஒரு படத்தைப் பிரிவதற்கா இப்படித் துக்கம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

“நீங்க அவளைச் சிரிக்க வைக்கறீங்க. அவ சிரிக்கலை, சிரிப்பை அடக்கிட்டிருக்கா. கீழுதட்டு ஓரத்துல சிவப்பே கிடையாது. பச்சை.”

“உதட்டுல பச்சையா? யார்கிட்ட கதை விடறீங்க?”

“இந்த நேரத்து வெளிச்சத்துலதான் தெரியும். இப்பப் பாருங்க.”

பார்த்தாள். பச்சைதான். இத்தனை நாள் அவள் கண்ணில் படாத ஒரே ஒரு துளி. தூரிகை நுனியில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தொட்டாள். நான்கடி பின்னால் போய் நின்றாள்.

அடக்கிய சிரிப்பு வந்துவிட்டது.

அன்செல்முக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அளவு நாடாவை எடுத்தார். அருங்காட்சியக விதிப்படி நகல், அசலின் அளவில் இருக்கக் கூடாது. ஓவியரின் கையெழுத்தும் கூடாது. இரண்டும் சரி. பின்பக்கம் ‘நகல்’ என்று முத்திரை குத்தினார்.

மூடும் மணி அடித்தது. கூட்டம் கலைந்தது. மூன்று மாதமாகக் கேட்டும் பதில் வராத கேள்வியை அவர் மறுபடி கேட்டார்.

“இதை எங்க மாட்டப் போறீங்க?”

“சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ல. நாளையிலிருந்து என் வீட்டுக்காரர் வீட்டுலதான். இவளைப் பார்க்காம அவருக்குத் தொண்டையில சோறு இறங்காது.”

சொல்லிக்கொண்டே ஓதீல் அவர் மார்பிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றினாள்.

“டியூட்டியில குடும்ப உறவைக் காட்டிக்கக் கூடாதுங்கற சட்டமெல்லாம் முடிஞ்சுது, அன்செல்ம். இன்னும் என்ன மேடம் கீடம்? வாங்க, ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”