சிவப்பு பல்ப் பாத்தி

“ஒரு ராத்திரிகூட பல்பு அணையலீங்க மேடம். வேணும்னா எம்பொண்டாட்டியக் கேளுங்க” என்றார் கங்கப்பன்.

பிரவீனா மறுபடியும் பாத்தியைப் பார்த்தாள். தொரப்பள்ளிப் பக்கம் கங்கப்பனுடைய நிலத்தில் தன் ஆராய்ச்சிக்காக அவள் இரண்டு பாத்தி சாமந்தி வைத்திருந்தாள். ஒன்று இரவெல்லாம் இருட்டில் கிடந்தது. அது பூத்தது நியாயம். இன்னொன்றின் மேல் தினமும் இரவு பத்திலிருந்து இரண்டு வரை மங்கலான சிவப்பு பல்ப் எரிந்தது. அது பூக்கவே கூடாது. ஆனால் வரப்பில் நின்று பார்த்தால் இரண்டு பாத்தியும் ஒரே மஞ்சளாகக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தன.

சாமந்தி இலையில் வெளிச்சத்தை உணர்கிற புரதம் ஒன்று இருக்கிறது. இரவு எவ்வளவு நீளம் என்று செடிக்குச் சொல்வது அதுதான். நடுவில் வெளிச்சம் பட்டால் அதற்குக் கணக்குக் குழம்பிவிடும். பூக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று செடியும் சும்மா இருந்துவிடும். அந்தப் புரதத்தை ஏமாற்ற மங்கலான சிவப்பே போதும் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் பிரவீனா. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஆராய்ச்சியைத் தொடரலாமா, மூட்டை கட்டச் சொல்லலாமா என்று முடிவு செய்ய பெங்களூரிலிருந்து இரண்டு பெரிய விஞ்ஞானிகள் பத்து மணிக்கு வருகிறார்கள். இப்போது மணி எட்டரை.

ஒன்றரை மாதமாக அவள் இந்தப் பக்கம் வரவில்லை. பல்ப் எரிகிறதா என்று போனில் கேட்பாள், எரிகிறது என்பார் கங்கப்பன், அதோடு சரி. அவர் பொய் சொல்லியிருப்பாரோ என்ற சந்தேகத்தில், கம்பத்தில் கட்டியிருந்த வெளிச்சம் பதியும் கருவியை அவிழ்த்துப் பார்த்தாள். நாற்பத்தைந்து இரவுகள். ஒன்றுகூடத் தப்பவில்லை. மனுஷர் யோக்கியர்தான். காலை வாரிவிட்டது புரதம்.

செடியைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று இறங்கப் போனவளை, கங்கப்பனின் மனைவி சென்னம்மாள் காப்பி டம்ளரோடு மறித்தாள். இப்போதுதான் தண்ணீர் கட்டினோம், ஒரே சேறு, மேடத்தின் சுடிதார் வீணாகிவிடும் என்றாள். புருஷன் பெண்டாட்டி இருவர் முகத்திலும் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தவர்களைப் போலக் களைப்பும் பெருமையும் சேர்ந்து இருந்தன. அந்தப் பெருமையைப் பார்க்கப் பார்க்க பிரவீனாவுக்கு எரிச்சல் வந்தது.

விஞ்ஞானிகள் வந்து முகத்துக்கு நேரே கேட்பதைவிட, நாமே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. ‘நீங்கள் வர வேண்டாம் சார், என் முடிவு தப்பு’ என்று சொல்லப் போனை எடுத்தாள். எண்ணைத் தேடும்போதே கண் நிறைந்துவிட்டது.

“ஏங்க மேடம், பூவு இப்படிக் கண்ணு கொள்ளாம நிக்குது, நீங்க அழுவறீங்க?” என்று பதறினாள் சென்னம்மாள்.

“பூத்ததுக்குத்தான் அக்கா அழறேன். சிவப்பு பல்ப் பாத்தி பூக்காம இருந்திருந்தாத்தான் நான் ஜெயிச்சேன்னு அர்த்தம்.”

புரதத்தைப் பற்றி, இருட்டைப் பற்றி, பல்பைப் பற்றியெல்லாம் அவர்களுக்கு மணிக்கணக்கில் பாடம் எடுத்தவள், இந்த ஒன்றை மட்டும் சொன்னதே இல்லை. கங்கப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

“பக்கத்துத் தோட்டத்துல டிராகன் பழத்துக்கு லைட்டு போட்டாப் பூக்குதுங்க” என்று தலையைச் சொறிந்தார் கங்கப்பன். “நம்ம பல்பு பாத்தி மட்டும் ஒரு மொட்டுகூட வைக்கலியேன்னு... போன்ல சொல்ல மனசு வரலீங்க.”

பிரவீனாவின் விரல் போன் மேல் அப்படியே நின்றது. “மொட்டே வைக்கலியா? அப்ப அங்க நிக்கறது?”

“பெரிய மனுசங்க வர்றப்ப உங்க பாத்தி மொட்டையா நின்னா மானம் போயிடுமேன்னு, ஓசூர் மார்க்கெட்ல மூணு மூட்டை சாமந்தி வாங்கியாந்து, செடிக்குச் செடி நூல் போட்டுக் கட்டினோம் மேடம்” என்றாள் சென்னம்மாள்.

பிரவீனா செருப்பை உதறிவிட்டுச் சேற்றில் குதித்தாள். அத்தனையையும் அவிழ்க்க ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.