நாலும் ஏழும்

"காப்பியடிக்கிறதுலயும் ஒரு நேர்த்தி வேணாமா? இப்படி அப்படியேவா அடிப்பாங்க?" என்று கூட்டாளி இரண்டு தாள்களை மேசைமேல் வீசினார்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் போதும், துடிப்பு, மூச்சு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் நாள் முழுக்க அளந்து கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும் ஒரு சென்சார் ஸ்டிக்கர். அதைத்தான் அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் ஆட்கள், அவர்கள் வீட்டார், தெரிந்தவர்கள் என்று சிலருக்கு ஒட்டிச் சோதனை நடந்துகொண்டிருந்தது. யாருக்கு எந்த நம்பர் என்பது போட்டுக்கொண்டவர்களுக்கே தெரியாது. ஒட்டிவிட்ட, இப்போது மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்த இன்ஜினியர் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தாள்களில் நாலாம் நம்பரின் துடிப்புக் கோடும் ஏழாம் நம்பரின் கோடும் சில நாட்களில் மட்டும் ஒன்றாக எகிறி, ஒன்றாக இறங்கி, ஒன்றாகவே ஓய்ந்திருந்தன. மற்ற நாட்களில் இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"ரெண்டும் வேற வேற ஆள்தானேம்மா?" என்றார் முதலாளி.

"ஆமா சார்."

"ஒருவேளை புருஷன் பொண்டாட்டியோ?"

"ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் ஒட்டணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"அப்புறம் என்னடா யோசனை உனக்கு?" கூட்டாளி குதித்தார். பள்ளிக்கூடத்திலிருந்தே அவர்களுக்குள் வாடா போடாதான். "ஏழாம் நம்பர் ஸ்டிக்கர் அப்பப்ப செத்துப் போயிருக்கும். இந்தம்மா நாலோட கோட்டை வெட்டி அங்க ஒட்டிடுச்சு. நம்ம ஸ்டிக்கரை வாங்கப்போற ஆஸ்பத்திரிக்காரங்க இதைப் பார்த்தா நம்ம மானம் கப்பலேறிடும்."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தோலை அரிக்காத பசை கிடைக்கும்வரை தன் கையிலேயே ஒட்டி ஒட்டிப் பார்த்தவள் அவள். அந்தத் தடிப்புகள் இன்னும் முழுதாக மறையவில்லை. இந்தக் கம்பெனியில் யார் வேண்டுமானாலும் பொய்க்கணக்கு எழுதட்டும், அவளுடைய ஸ்டிக்கர் எழுதாது.

"கோட்டுக்குக் கீழ தேதியும் நேரமும் போட்டிருக்கு. அதைக் கொஞ்சம் பாருங்க சார்," என்றாள் கூட்டாளியிடம், தணிந்த குரலில்.

"திருட்டுக்கு நேரம் காலம் வேறயா?" அவர் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "இதோ பாரும்மா, உன்னை என் வீட்டுப் பொண்ணாத்தான் நினைச்சிருக்கேன். அந்த ரெண்டு பேர் யாருன்னு என்கிட்ட மட்டும் சொல்லிடு. நானே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடறேன். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"பேர் வெளிய போகாதுன்னு ஒட்டும்போதே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன் சார்."

"பார்த்தியா, நழுவுது!" கூட்டாளி கைதட்டிச் சிரித்தார். "ஆள் இருந்தாத்தானே பேர் இருக்கும்? எங்க, தைரியம் இருந்தா சொல்லும்மா. யார் அந்தப் புண்ணியவானுங்க? நானும் தெரிஞ்சுக்கறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள். எப்படியாவது இவளை நம்பிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தது அந்த முகம். நல்ல மனிதர். யாரையும் எளிதில் நம்பிவிடுகிறவர்.

"நான்தான் சார் காப்பியடிச்சேன்," என்றாள்.

முதலாளி அந்தத் தாள்களை மடித்து ஓரமாகத் தள்ளினார். "உன்கிட்ட இதை எதிர்பார்க்கலம்மா. நாளையிலேருந்து வர வேண்டாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துடுச்சுடா. நீதான் எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்புவே," என்று நண்பனின் தோளைத் தட்டிவிட்டு, கூட்டாளி அவள் பின்னாலேயே மாடிப்படிவரை வந்தார். "பையைத் திறந்து காட்டு. கம்பெனி ஸ்டிக்கர் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

அவள் திறந்து காட்டினாள். டிபன் பாக்ஸும் குடையும்தான் இருந்தன. பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு, முதலாளியின் அறைக்குக் கேட்காதபடி சொன்னாள்:

"என்கிட்ட எதுவும் இல்ல சார். ஏழாம் நம்பர் உங்க நெஞ்சுல இருக்கு. நாலாம் நம்பரை, வழக்கம்போல முதலாளி ஊர்ல இல்லாத மதியமாப் பார்த்து, அவர் வீட்டு அம்மாகிட்ட வாங்கிக்கோங்க."