ஆற்றுப்பக்க ஜன்னல்

என் அக்கா தப்பான கப்பலில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு கண்ணாடிகளும் ஒரு முழம் தண்ணீரும்தான் இருந்தன.

மெல்க் ஊர்க் கரையில் கப்பல்களை நிறுத்த இடம் குறைவு. டான்யூப் ஆற்றில் வருகிற உல்லாசக் கப்பல்கள் ஒன்றையொன்று ஒட்டித்தான் நிற்கும். வெளியே நிற்கும் கப்பலின் ஆட்கள் உள்ளே நிற்கும் கப்பலுக்குள் புகுந்துதான் கரைக்குப் போக வேண்டும், வர வேண்டும். யாரும் யாரையும் நிறுத்திக் கேட்பதில்லை.

ஆகவே அக்கா புர்கி என்ன செய்திருப்பாள் என்று புரிந்தது. பேசிக்கொண்டே வந்திருப்பாள். முன்னால் போன கூட்டத்தோடு எங்கள் கப்பலுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, அடுத்த கப்பலில் போய் உட்கார்ந்திருப்பாள்.

இரண்டும் ஒரே கம்பெனிக் கப்பல்கள். அதே தவிட்டு நிற நாற்காலிகள், அதே கம்பளம். தலை நிமிராமல் வருகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

ஊர் மடாலயத்தைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்திலிருந்து நான் முன்பே திரும்பியிருந்தேன். அங்கே நூலகத்தில், அத்தனை ஆயிரம் புத்தகங்கள் வாய்மூடி நிற்கும் இடத்தில், அவள் வழிகாட்டியையே பேச விடவில்லை. நான் மெல்ல நழுவி வந்து, காலையில் இறங்கிய பலகை வழியாகவே ஏறி, ஆற்றுப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

கண்ணாடியைத் தட்டினேன்.

புர்கி நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. முள்கரண்டியை ஆட்டினாள்.

நாளைக் காலை வியன்னாவில் எங்கள் தம்பி பெர்ட்ஹோல்டுக்குக் கல்யாணம். அவனுக்கு மூன்றாவது, பெண்ணுக்கும் மூன்றாவது. சாட்சியாக நிற்க வேண்டியவள் புர்கி. பாஸாவுக்குப் போகிற கப்பல் ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும் என்று காலையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீதியை நான் கேட்கவில்லை. பாஸாவ், வியன்னாவுக்கு நேர் எதிர்த் திசை.

அவளைச் சுட்டினேன். என் காலடித் தரையைச் சுட்டினேன். இரண்டு விரல்களை நடக்கவிட்டுக் காட்டினேன்.

அவள் என்னைச் சுட்டினாள். தன் காலடித் தரையைச் சுட்டினாள். இரண்டு விரல்களை நடக்கவிட்டாள்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் செய்வதையே செய்துகாட்டிக் கேலி பண்ணுவாள். கேட்காதென்று தெரிந்தும் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. என் வாழ்நாளில் முதல் முறையாக அவள் பேசி எனக்குக் கேட்கவில்லை.

என் போன் அறையில் இருந்தது. அதுவும் அவளுக்குப் பயந்துதான்.

"யாரும்மா அது, கூத்தாடுறாங்க?"

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார். வெண்டலின் என்று தன் பெயரைச் சொல்லியிருந்தார். இத்தனை நாள் பயணத்தில் அவரை நான் பார்த்ததாகவே நினைவில்லை. நான் யாரைத்தான் பார்த்தேன்?

"எங்க அக்கா. தப்பான கப்பல்ல ஏறிட்டா."

"நடக்குறதுதான். போன வருஷம் ஒருத்தர் என் படுக்கையிலயே வந்து படுத்துட்டாரு. என்னை எழுப்பி, 'ஏங்க, கொஞ்சம் தள்ளிப் படுங்க'ங்கிறாரு!"

சிரித்தபடியே வரவேற்பறைக்கு ஓட எழுந்தேன். அதற்குள் அந்தக் கப்பல் ஊதியது. கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள்.

புர்கியின் சிரிப்பு நின்றது. இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினாள்.

இப்போதுதான் உறைத்ததாக்கும், என்று நினைத்தேன்.

ஒரு முழத் தண்ணீர் ஓர் ஆள் அகலமாயிற்று. பிறகு ஒரு தெரு அகலம். அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

கரையில் கட்டும்போது எல்லாக் கப்பல்களும் நீரோட்டத்துக்கு எதிராக மூக்கை வைத்துத்தான் நிற்கும். எது எங்கே போகிறது என்று கிளம்பினால்தான் தெரியும். அது நேரே மேல்நோக்கி, பாஸாவ் பக்கம் போவதைப் பார்க்க நின்றேன்.

நடு ஆற்றுக்குப் போய் அது மெதுவாகத் திரும்பியது. முழுதாகத் திரும்பி, தண்ணீர் போகும் பக்கமே போனது. திராட்சைத் தோட்டங்களும் கோட்டைகளும் இருக்கிற பக்கம். வியன்னா பக்கம்.

"நல்ல மனுஷங்க அவங்க," என்றார் வெண்டலின். "காலையில கரையோரமா நின்னது அவங்கதான். எங்க கப்பல்ல கைத்தடி ஆளுங்க அதிகம்னு, அவங்க வெளிய தள்ளி நின்னு எங்களை உள்ள விட்டாங்க."

நான் முதல் முறையாகத் தலையை நிமிர்த்திக் கூடத்தைப் பார்த்தேன்.

ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது. ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. அப்படி ஓர் அமைதி.

எங்கள் கப்பலும் அசைந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வாத்து நீரோட்டத்தோடு எங்களைக் கடந்து பின்னால் போனது.

"கவலைப்படாதீங்கம்மா," என்றார் வெண்டலின். "நம்ம கேப்டன்கிட்ட சொல்லி அந்தக் கப்பலைக் கூப்பிடச் சொல்லட்டுமா? உங்க அக்காவை எங்கயாவது இறக்கிவிடுவாங்க."

"ஐயோ, வேண்டாங்க," என்றேன், மறுபடி உட்கார்ந்தபடி. "அவ சரியாத்தான் போறா. பாஸாவ் போற வழியில லின்ஸ் வருமில்ல, அப்ப மட்டும் என்னைக் கொஞ்சம் எழுப்பிவிடுங்க."